துண்டுக்கு அடியில் இருந்த கை

சிவப்புக் கட்டம் போட்ட அந்தத் துண்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. சாதாரணத் துண்டுதான். சிந்தாதிரிப்பேட்டையில் நடைபாதைக் கடையில் வாங்கியது, ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கும். கழுத்தில் மாட்டிய ரேடியோ பெட்டியின் மேல் பைலட் அதைப் போர்த்திக்கொள்வார். இரண்டு கைகளும் துண்டுக்கு அடியில் போய்விடும். வெயிலில் பெட்டியின் தகடு கண்ணைக் கூசுகிறது, விரல் வியர்த்து, விமானத்தைத் திருப்புகிற குச்சிகள் வழுக்குகின்றன, அதனால்தான் துண்டு என்று சொல்லியிருந்தார். அவர் பறக்க விட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் எதிரில் போய் நிற்கக் கூடாது, துண்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. அவருடைய கவனம் ஒரு நொடி சிதறினால் பல மாத உழைப்பு மண்ணில் குத்திக்கொள்ளும். அதனால் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அவர் கையை யாரும் பார்க்கவில்லை.

பைலட் என்றதும் வானத்தில் பறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. தரையில் நின்றபடி ஆளில்லாத சின்ன விமானங்களை ரேடியோவால் ஓட்டுகிறவர். தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு பழைய பங்களாவின் மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்த சிறிய ஆய்வுக்கூடம் எங்களுடையது. இன்று தி. நகர் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்கு மேல் ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கிறதே ட்ரோன், அந்தப் பெயர்கூட அப்போது எங்களுக்குள் புழங்கவில்லை. ஆளில்லா விமானம் என்போம். இரண்டு ஆள் நீளத்துக்கு இறக்கை, மூக்கில் ஒரு பெட்ரோல் என்ஜின், வயிற்றில் ஒரு கணிப்பொறி அட்டை. வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் பெண் நான் ஒருத்தி.

என் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று சொல்வதற்கு அதற்குள் கைரோ என்றொரு கருவி சுழன்றுகொண்டிருக்கும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் பறக்கும்போது அது நின்றுபோனால் உள்ளே இருக்கும் கணிப்பொறிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. குப்புற விழ வேண்டியதுதான். கைரோ செத்த பிறகும் விமானத்தை நேராகப் பறக்க வைக்க வேண்டும், அதுதான் என் தலையில் விழுந்த பொறுப்பு. என் யோசனை எளிமையானது. சாய்ந்த விமானம் திரும்பும். திரும்பினால் திசைகாட்டி நகரும். அது நகர்கிற வேகத்தையும் விமானம் போகிற வேகத்தையும் வைத்து, எவ்வளவு சாய்ந்திருக்கும் என்று ஊகித்து அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் திருத்த வேண்டும். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போவோமே, அந்த மாதிரி. எவ்வளவு அழுத்தித் திருத்துவது, எவ்வளவு சீக்கிரம் திருத்துவது என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கும். அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் என் கணக்குதான். "ஊர்ல பொண்கள் எல்லாம் கோலம் போடறா, இவ ஆகாசத்துக்குக் கணக்குப் போட்டுண்டிருக்கா" என்று அம்மா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பைலட் என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடையில் வேலை பார்த்தவர், கூவம் கரையோரம் ஒண்டுக் குடித்தனம். யாரோ ஒருவருடைய பொம்மை விமானத்தைப் பழுது பார்க்கப் போய், ஓட்டவும் கற்றுக்கொண்டு, எங்கள் டைரக்டர் கண்ணில் பட்டு வந்து சேர்ந்தவர். நாங்களெல்லாம் மாதச் சம்பளக்காரர்கள், அவர் மட்டும் தினக்கூலி. ஒருமுறை விமானம் மரத்தில் மோதி உடைந்தபோது, தப்பு என்ஜினில் என்று தெரிந்தும், டைரக்டர் அவரை மூன்று வாரம் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதை நான் எதிர்த்துக் கேட்டேன். அதிலிருந்து அவர் என்னிடம் காட்டிய மரியாதைக்கு அளவில்லை. வெட்டவெளியில் நான் நிற்கிற இடத்துக்குக் குடை கொண்டுவந்து நட்டு வைப்பார். எங்கள் வீட்டு மிக்ஸி புகைந்துபோனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, மோட்டாரைப் பிரித்துச் சரி செய்தார். அம்மா கொடுத்த அடையை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "உங்க பொண்ணு மூளைக்கு அமெரிக்காக்காரன் வந்து நிப்பான் பாருங்கம்மா" என்றார். அந்த மனிதரைச் சந்தேகிக்க எனக்கு என்ன காரணம் இருந்தது, சொல்லுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு வெட்டவெளியில்தான் பறக்க விடுவோம். அப்போது அங்கே கட்டடம் என்று ஒன்றும் கிடையாது. பதினொரு மணிக்கெல்லாம் கடல்காற்று எழும்பிவிடும் என்பதால் விடிந்த கையோடு வேனில் போய்விடுவோம். முறை இதுதான். பைலட் விமானத்தைக் கிளப்பி மேலே கொண்டுபோவார். நான் தரையிலிருந்து ஒரு பொத்தானை அழுத்திக் கைரோவைச் சாகடிப்பேன். உடனே அவர் ரேடியோ பெட்டியில் ஒரு சுவிட்சைத் தள்ளி, ஓட்டுகிற பொறுப்பை விமானத்தில் இருக்கும் கணிப்பொறியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததும், "குட்த்துட்டேன்!" என்று கத்துவார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நோட்டில் "கொடுத்தார்" என்று எழுதுவேன். மூன்று நிமிடம் கழித்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். "எட்த்துக்கினேன்!" என்பார். "எடுத்தார்" என்று எழுதுவேன். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேறு கருவி கிடையாது. அவர் குரல்தான் கருவி. ஒவ்வொரு கருவியும் கெட்டால் என்ன ஆகும் என்று வருடக்கணக்கில் யோசித்தவள், அந்த ஒரு கருவியை மட்டும் யோசிக்கவே இல்லை.

முதல் நாளே விமானம் மூன்று நிமிடம் பிசகாமல் பறந்தது. நான் துள்ளிக் குதித்ததில் குடை சாய்ந்துவிட்டது. அடுத்த வாரமும் பறந்தது. கொஞ்சம் தைரியம் வந்து எண்களைச் சற்று ஏற்றினேன், காற்று அடித்தாலும் தாங்க வேண்டும் என்று. பறந்தது. இன்னும் ஏற்றினேன். இன்னும் அழகாகப் பறந்தது. நான்கு மாதத்தில் ஆரம்பித்த இடத்திலிருந்து எங்கேயோ போய்விட்டேன். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு விமானம் அசையாமல் பறக்கிறது என்றால் மூளை உள்ளவள் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் முறை எதையும் தாங்கும் என்று டைரக்டருக்கு அறிக்கை எழுதினேன். அவர் அதைப் பணம் தருகிறவர்களுக்கு அனுப்பினார். வேனில் திரும்பும்போது பைலட், "மேடம் கணக்குன்னா கணக்குதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொள்வேன்.

பணம் தருகிறவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். வந்ததும் ஒரு நிபந்தனை போட்டார்கள். ரேடியோவை அவர்களுடைய ஆள்தான் பிடிப்பார், எங்கள் பைலட் தள்ளி நிற்க வேண்டும். இது சம்பிரதாயம்தான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பைலட் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு வாணாம் மேடம். காத்து சரியில்ல" என்றார். கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. "காத்தே இல்லையே பைலட்" என்று சிரித்தேன். "எனக்கு மனசு சரியில்ல மேடம், சொல்லிப் பாருங்க" என்றார். தன் கையிலிருந்து பெட்டியை வாங்கியதில் வருத்தம் போலும் என்று எண்ணி அவர் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தேன். உண்மையைச் சொல்ல அவருக்கு அப்போதுகூட ஐந்து நிமிடம் இருந்தது.

வந்தவர் நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், நான் கைரோவை அணைத்ததும், கொடுத்துவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். விமானம் முதலில் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. திருத்தியது. ஆனால் திருத்தம் அதிகமாகி வலது பக்கம் இன்னும் சாய்ந்தது. பிறகு இடது பக்கம் அதைவிட. ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. எடுங்கள், எடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் எடுப்பதற்குள் அது மல்லாந்து, சுழன்று, சீமைக் கருவேலப் புதருக்குள் விழுந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களை வந்து சேர்ந்தது. டைரக்டர் என் பக்கம் திரும்பவில்லை. பைலட் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். அதற்கு முன் நான் ஒரு வாரம் மாடி அறையில் உட்கார்ந்து காகிதச் சுருள்களை விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பறப்பின்போதும் இரண்டு பேனாக்கள் ஒரு சுருளில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஒன்று விமானத்தின் சாய்வு, பதிவுக்கென்றே வைத்த தனிக் கைரோ சொல்வது. இன்னொன்று, விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இறக்கை ஓரத்தில் இருக்கும் மடலின் அசைவு. சாய்வுக் கோடு நேராக இருந்தால் போதும் என்று இருந்ததால் இன்னொரு கோட்டை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடைசி நாள் சுருளில் மடலின் கோடு சின்னச் சின்னப் படிகளாக ஏறி இறங்கியிருந்தது. கணிப்பொறி அப்படித்தான் நகர்த்தும், விட்டு விட்டு. பழைய சுருள்களில் படியே இல்லை. எல்லாம் வழுவழுவென்று, பழகிய கையெழுத்து மாதிரி ஓடியது. ஒவ்வொன்றாக விரித்தேன். எல்லாச் சுருளிலும் அதே கை. முதல் நாள் சுருள் மட்டும் வெறும் தாளாக இருந்தது. அன்று பேனாவில் மை காய்ந்துவிட்டிருந்தது. நான்கு மாதமாக நான் திருத்தித் திருத்தி மெருகேற்றியது என் கணக்கை அல்ல, அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டுதான் எண்களை ஏற்றியிருக்கிறேன்.

பைலட்டை அடையாறு டெப்போவுக்கு எதிரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. "ஆமா மேடம். சுவிச்ச தள்ளல. நானேதான் ஓட்டிக்கினு இருந்தேன்" என்றார். ஏன் என்றேன். "ஒடைஞ்சா யாரை அனுப்புவாங்க? உங்களையா? என்னியத்தான அனுப்புவாங்க. வூட்ல மூணு பசங்க கீது மேடம்." மூன்று வாரம் வேலையில்லாமல் அவர் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கு வேலை போனால் அப்பாவின் பென்ஷன் இருக்கிறது, மயிலாப்பூரில் சொந்த வீடு இருக்கிறது. அதையும் நினைத்துப் பார்த்தேன். குழுவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள், உங்களை அனுப்பவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுபேச்சில்லாமல், "என் பசங்க மேல சத்தியமா சொல்லிட்றேன் மேடம்" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

குழுவில் மூன்று பேர், நடுவில் டைரக்டர். நான் சுருள்களை விரித்துக் காட்டிப் பேசி முடித்தேன். பைலட்டைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சுவிட்சைத் தள்ளினீர்களா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு வாட்டியும் குட்த்தேன் சார்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது புரிவதற்கே நேரமாயிற்று. அதோடு விட்டாரா? "மேடமே எழுதி வச்சிருப்பாங்க சார், அவங்க நோட்ட பாருங்க" என்றார். பார்த்தார்கள். "கொடுத்தார்", "எடுத்தார்", "கொடுத்தார்", "எடுத்தார்" என்று நான்கு மாதமும் என் கையெழுத்தில், மணி நிமிடத்தோடு இருந்தது. பேனா சரியாக வேலை செய்யாமல் கோடு வழுவழுப்பாக வந்திருக்கலாம் என்று டைரக்டர் எடுத்துக் கொடுத்தார். பைலட் பொய் சொல்லியிருந்தால் அவர் அனுப்பிய அறிக்கைகளும் பொய்யாகிவிடுமே. கணக்கு அடிப்படையிலேயே தவறு என்று எழுதி, கடைசியாக நான் போட்டிருந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பதை நான் அதுவரை பேச்சு வழக்காகத்தான் கேட்டிருந்தேன்.

நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பங்களாவிலிருந்து மத்திய கைலாஷ் வரை நடந்தே வந்ததும், வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் திட்டு முழுசாக வெளியே வரவில்லை. அவர் பொய் சொன்னது நிஜம் என்றால், உண்மையில் கொடுத்த அன்று விமானம் விழுந்ததும் நிஜம்தானே. என் கணக்கை நம்பி ஒரே ஒரு முறை விட்டார்கள், அது விழுந்தது. அவர் துரோகி, நான் கணக்குத் தெரியாதவள். இரண்டையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, போகவில்லை. அங்கே போய் எதைச் சொல்லிப் பெருமைப்படுவது? வங்கித் தேர்வு எழுதினேன். தி. நகரில் ஒரு கிளையில் சேர்ந்தேன். கல்யாணம், நங்கநல்லூரில் வீடு, ஒரு பையன். அவன் பத்தாம் வகுப்பில் கணக்கு சொல்லித்தரக் கேட்டபோது, டியூஷனுக்குப் போடா என்றுவிட்டேன். விடை சரி என்று எனக்குத் தெரிந்தாலும் வாய் விட்டுச் சொல்ல முடியாது. அந்த நோய் என்னைவிட்டுப் போகவே இல்லை. ஆய்வுக்கூடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எண்கள் எழுதியிருந்த என் நோட்டும் அதோடு போயிற்று, வீட்டு நாட்காட்டித் தாள்கள் எப்போதோ பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மேஜைக்கு எதிரே ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். முகவரி மாற்ற வேண்டும் என்று படிவத்தை நீட்டினார். கூவம் கரையிலிருந்து குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே குடியமர்த்திய கூட்டத்தில் ஒருவர். நாங்கள் விமானம் விட்ட அதே திசையில், இப்போது அடுக்குமாடி வரிசை வரிசையாக நிற்கிற இடத்தின் பெயரை எழுதியிருந்தார். பெயரைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். "தெரிதா மேடம்?" என்றார். தெரிந்தது. முடியெல்லாம் போய், ஒரு கண்ணில் புரை. விரல்கள் மட்டும் மேஜைமேல் அசையாமல் இருந்தன.

படிவத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும் மேடம். அன்னிக்கு டீக்கடைல முழுசா சொல்லல. எல்லா நாளும் குடுக்காம இல்ல. மொத நாளு நெஜமாவே குட்த்தேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். "எவ்ளோ நேரம்?"

"நீங்க எடுக்கச் சொல்ற வரைக்கும். மூணு நிமிசம் முழுசா."

"விழலையா?"

"எங்க வியும்? அது பாட்டுக்குப் போய்க்கினு இருந்துச்சு. நான் துண்டுக்குள்ள சும்மா கைய வச்சிக்கினு நின்னேன். என்னியவிட நல்லா ஓட்டுச்சு மேடம். இது இப்டி ஓடுச்சுன்னா நாளைக்கு என்னிய எதுக்கு வச்சிக்கப் போறாங்கன்னு தோணிச்சு. அதுக்கப்புறம்தான் குடுக்கல."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. விமானம் உடைந்துவிடும் என்று பயந்து அவர் பொய் சொன்னதாக இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அது உடையாது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். முதல் நாள் நான் போட்ட எண்கள் சரி. அவர் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் நான் அவற்றைக் கெடுத்தேன். அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இந்த உண்மையோடு குழுவின் முன்னால் வந்து நின்று, என் கணக்கு தவறு என்று அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேஜையைத் தாண்டிப் போய் அந்த மனிதரை அறைந்துவிடலாம் போல வந்தது. கிழவர், நோயாளி, ஏழை என்பதெல்லாம் தோன்றியது, ஆனாலும் கோபம் குறையவில்லை.

"தப்புதான் மேடம்" என்றார். பரவாயில்லை என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. "அன்னிக்கு நான் என்ன நம்பர் போட்டிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"நம்பரெல்லாம் எனக்கு இன்னா தெரியும் மேடம்" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையனின் பழைய நோட்டு ஒன்றில் திரும்ப எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். அந்த விமானத்தின் எடை தெரியவில்லை, இறக்கையின் சரியான அளவு தெரியவில்லை, எதுவும் வரவில்லை. குழுவின் அறிக்கையில் இருந்த இரண்டு எண்களும் மூன்றாம் தசம இடம்வரை எனக்கு மனப்பாடம். சரியான இரண்டு எண்கள்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.